4.2 மில்லிமீட்டர் தகடு 39 மீட்டர் ஆன கதை! குரூப் ப்ராஜெக்ட்டில் கணக்கைப் பத்திரமா எழுதுவது எப்படி?

சித்தி பொண்ணு இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். போன மாசம் அவங்க நாலு பேர் டீமுக்கு ப்ராஜெக்ட் வைவா. ரிப்போர்ட்டைப் புரட்டிக்கிட்டே வந்த சார் ஒரு பக்கத்தில் நின்னு, "ஏம்மா, 39 மீட்டர் தடிமன்ல தகடா? கோட்டைச் சுவரா கட்டப் போறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

தகட்டின் தடிமன் 4.2 மில்லிமீட்டர். அதாவது 4.2 × 10⁻³ மீட்டர். ரிப்போர்ட்டில் இருந்ததோ 4.2 × 10-3. இதை அப்படியே போட்டுப் பாருங்க... 42-ல் இருந்து 3 போக, 39!

"கணக்கு தப்பில்லக்கா, டைப் பண்ணினதுதான் தப்பு" என்று அழாத குறையாகச் சொன்னாள். மார்க் போனது போனதுதான். ஆனா, இது அவளுக்கு மட்டும் நடக்கிற விஷயமில்லை. கூகுள் டாக்ஸில் நாலு பேர் சேர்ந்து எழுதும் எந்த ரிப்போர்ட்டிலும் நடக்கலாம்.

அந்தக் குட்டி எழுத்து எங்கே போச்சு?

நடந்தது இதுதான். டாக்ஸில் சரியாகத்தான் டைப் செய்திருந்தார்கள். ராத்திரி ஒருத்தர் அந்தப் பத்தியை காப்பி பண்ணி, "செக் பண்ணுடா" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். இன்னொருத்தர் எழுத்துப்பிழை திருத்தி, திரும்ப டாக்ஸில் பேஸ்ட் பண்ணினார். அவ்வளவுதான், மேலே இருந்த மைனஸ் 3 கீழே இறங்கிடுச்சு.

டாக்ஸில் நாம் மேலே ஏற்றி வைக்கும் எண், உண்மையில் சாதாரண எண்தான். 'இதைச் சின்னதாக, மேலே காட்டு' என்பது அதன் மேல் போட்ட அலங்காரம், போல்டு, இட்டாலிக் மாதிரி. வாட்ஸ்அப்புக்குப் போகும்போது எழுத்து மட்டும் போகும், அலங்காரம் கழன்றுவிடும். 2-ன் அடுக்கு 10 என்றால் 1024. அலங்காரம் போனால் வெறும் 210. பிடிஎஃப்பில் இருந்து காப்பி பண்ணும்போதும் இதே ஆபத்து உண்டு.

சாதாரண வாக்கியம் ஒரே வரியில் ஓடும். கணக்கு அப்படியில்லை, மேலே, கீழே என்று இடத்தை வைத்தும் அர்த்தம் சொல்லும். 2019-ல் 8÷2(2+2) என்ற கணக்கு ட்விட்டரில் பெரிய சண்டையைக் கிளப்பியது ஞாபகம் இருக்கா? பாதிப் பேர் 16 என்றார்கள், பாதிப் பேர் 1 என்றார்கள். நடுவில் ஒரு பின்னக் கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே 2 மட்டுமா, மொத்தமுமா என்று காட்டியிருந்தால் சண்டையே வந்திருக்காது.

போட்டோ எடுத்து ஒட்டிட்டா போதாதா?

நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து, ரிப்போர்ட்டில் ஒட்டுவதுதான் நம்மில் பலரின் ஷார்ட்கட். பார்க்கச் சரியாக இருக்கும். ஆனா, ஒரு குறி தப்பு என்றால் டீமில் வேற யாரும் திருத்த முடியாது. எழுதினவர்தான் மறுபடி எழுதணும். போனில் பெரிதாக்கினால் மங்கிப்போகும். பார்வைச் சவால் உள்ள நண்பர் ஸ்கிரீன் ரீடரில் கேட்டால், தனியாக விளக்கம் எழுதி வைக்காதவரை, அங்கே ஒரு படம் இருக்கு என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

அப்போ எப்படித்தான் எழுதுறது?

* கூகுள் டாக்ஸை கம்ப்யூட்டரில் திறங்க. 'இன்சர்ட்' மெனுவில் 'ஈக்வேஷன்' இருக்கும். க்ளிக் பண்ணினால் ஒரு பெட்டி வரும். மேலே கிரேக்க எழுத்துகள், குறிகள் வரிசை கட்டும்.
* தேடிக்கிட்டு இருக்க நேரமில்லையா? பெட்டிக்குள் \ குறி போட்டு, ஆங்கிலத்தில் ஆல்ஃபா என்று டைப் பண்ணி ஸ்பேஸ் தட்டுங்க, அந்த எழுத்தே வந்துடும். ஃப்ராக்‌ஷன் என்ற சொல்லின் முதல் நாலு எழுத்தைப் போட்டால் பின்னம். எஸ், க்யூ, ஆர், டி போட்டால் வர்க்கமூலம்.
* ^ குறி அடுக்குக்கு, _ குறி கீழே வரும் குட்டி எழுத்துக்கு. முடிந்ததும் வலது அம்புக்குறியைத் தட்டி வெளியே வாங்க. இல்லைன்னா அடுத்து அடிப்பதும் மேலேயே போய் உட்காரும்.
* விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் வேர்டு என்றால், ஆல்ட் கீயோடு = கீயைச் சேர்த்து அழுத்தினாலே பெட்டி ரெடி.

இந்த \ மொழிக்குப் பின்னாடி ஒரு கோபக்கார புரொபசர் இருக்கிறார். 1977-ல் டொனால்ட் நூத் என்ற கணினி அறிவியலாளர், தன் புத்தகத்தின் புதுப் பதிப்புக்கான அச்சுப் படியைப் பார்த்தார். கணக்குகள் அசிங்கமாக இருந்தன. 'நானே செய்றேன்' என்று இறங்கி அவர் உருவாக்கியதுதான் 'டெக்' மென்பொருள். 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் அதை எளிமையாக்கி 'லேடெக்' கொடுத்தார். கணிதம், இயற்பியல் ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் இன்றும் அதில்தான் எழுதப்படுகின்றன. பக்கத்துக்குப் பக்கம் கணக்கு வருகிற ரிப்போர்ட் என்றால் 'ஓவர்லீஃப்' தளத்துக்குப் போங்க. டாக்ஸ் மாதிரியே பிரவுசரில் சேர்ந்து எழுதலாம், முழுக்க லேடெக்தான்.

போன்தான் இருக்கு என்றால்?

வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆகணும் என்றால், அடைப்புக்குறியோடு 10^(-3) என்று எழுதுங்க. அழகா இருக்காது, ஆனா அர்த்தம் மாறாது. பல கீபோர்டுகளில் எண்ணை அழுத்திப் பிடித்தால் குட்டி ², ³ வரும். அவை தனி எழுத்துகள் என்பதால் காப்பி பண்ணினாலும் பெரும்பாலும் தப்பிச்சிடும்.

சப்மிட் பண்ணும் முன் பிடிஎஃப் எடுத்து, கணக்குகளை மட்டும் ஒருமுறை பாருங்க. ஏதாவது இடறினால் டாக்ஸின் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் பழைய வடிவம் அப்படியே இருக்கும். யார், எப்போ மாத்தினாங்க என்பதும் தெரியும்.

சித்தி பொண்ணும் அதைத் திறந்து பார்த்தாள். ராத்திரி 11.47-க்கு அந்தப் பத்தியை பேஸ்ட் பண்ணினது அவளேதான்! இப்போ அவங்க டீமில் ஒரே ரூல்: கணக்கு டாக்ஸில், கலாய்ப்பு மட்டும் வாட்ஸ்அப்பில்.