வலி போகட்டும்... வயிறு இருக்கட்டும்!

சோழவரம் என்றால் பழைய ஆட்களுக்கு ஞாபகம் வருவது கார் ரேஸ். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில் சீறிப் பாய்ந்த வண்டிகள்! இப்போது சீறுவது கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகிற கம்பெனி பஸ்கள். ஷிப்ட் முடிந்து இறங்குகிறவர்களில் சிலர் நேரே போய் நிற்பது மெடிக்கல் ஷாப்பில்.

"அண்ணே, இடுப்பு கழண்டு போச்சு. சுருக்குன்னு கேக்கற மாதிரி ஒண்ணு குடுங்க!"

நல்ல பார்மசிஸ்ட் உடனே மாத்திரையைக் கத்தரிக்க மாட்டார்.

"சீட்டு இருக்கா தம்பி? சாப்டாச்சா? அல்சர் உண்டா? பி.பி. மாத்திரை போடறீங்களா? இதே வலிக்கு வேற எதாச்சும் முழுங்கினீங்களா?"

போலீஸ் விசாரணை இல்லை சார், காரணம் இருக்கிறது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன் எல்லாம் ஆஸ்பிரினுக்குச் சொந்தக்காரர்கள். வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் 'ப்ராஸ்டாகிளாண்டின்' சுரப்பை அடக்குவதுதான் இவர்கள் வேலை. ஆஸ்பிரினை வைத்து 1971-ல் இதைச் சொன்ன ஜான் வேன், 1982-ல் நோபல் பரிசு வாங்கினார். சிக்கல் என்னவென்றால், இரைப்பைச் சுவரை அமிலத்திடமிருந்து காப்பதும், கிட்னிக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக் கொள்வதும் அதே ப்ராஸ்டாகிளாண்டின்தான். திருடனைப் பிடிக்கப் போய் வாட்ச்மேனையும் சேர்த்து உள்ளே தள்ளிய கதை!

கிட்னி விஷயத்துக்குச் சாட்சி, பாறு கழுகுகள். மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக், அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகுகளின் கிட்னியைத் தீர்த்தது. கூட்டம் கூட்டமாக விழுந்தன. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006-ல் இந்தியா தடை செய்தது. நாம் கழுகு இல்லைதான். ஆனால் நாள் முழுக்க உலைப் பக்கம் வியர்த்துவிட்டு, தண்ணீர் குடிக்காமல் மாத்திரையைப் போட்டால் நம் கிட்னிக்கும் வம்புதான்.

கவுண்டருக்குப் பின்னாலிருந்து வரும் புத்திமதிகள் இவை:

* வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பிட்டுவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு.

* ஒரு நேரத்தில் ஒரே வலி மாத்திரை. பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே சரக்கு ஒன்றாக இருக்கலாம்.

* குறைந்த அளவு, குறைந்த நாள். சாதா வலிக்கு முதலில் பாரசிட்டமால் போதுமா என்று பாருங்கள்.

* டாக்டர் பான்டோபிரசோல் எழுதினால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். அது வயிற்றுக்குத்தான் குடை, கிட்னிக்கு இல்லை!

* 'கட்டிங்' போட்ட ராத்திரி மாத்திரை கூடாது.

* காய்ச்சலோடு உடம்பு வலியா? டெங்குவாக இருந்தால் இந்த மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும். டாக்டரிடம் ஓடுங்கள்.

மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது மெடிக்கல் ஷாப் அல்ல, ஆஸ்பத்திரி.

கேள்வி கேட்கிற கடைக்காரர் மேல் எரிச்சல் வேண்டாம். கேட்காமல் அள்ளிக் கொடுக்கிறாரே, அவரைப் பார்த்துத்தான் வயிறெரிய வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நிஜமாகவே எரியும்!