ஹீரோ ரோபோ... இங்கே அதுதான் பேய்! - நெட்ஃப்ளிக்ஸ் 'கன்டம்' எப்படி இருக்கு?

ஒரு ரோபோ படத்துல ரோபோ வந்து நின்னா உங்களுக்கு விசில் அடிக்கத் தோணும்தானே? இந்த சீரிஸ்ல வெள்ளை ரோபோ வந்து நிக்கும்போது, 'ஐயோ, ஓடுங்கடா' என்றுதான் தோன்றுகிறது. அதுதான் 'கன்டம்: ரெக்வியம் ஃபார் வெஞ்சன்ஸ்'. 2024 அக்டோபரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த குட்டி சீரிஸ். மொத்தமே 6 எபிசோடுதான், ஒவ்வொன்றும் சுமார் 25 நிமிடம். ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம்.

முதல் ரெண்டு எபிசோடு பார்த்த சூட்டோடு எழுதுகிறேன். ஸ்பாய்லர் பயம் வேண்டாம்.

'கன்டம்னா என்ன, ஆசியாக் கண்டமா?' என்று கேட்பவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன பிளாஷ்பேக். மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ராட்சத இயந்திரங்களின் கதைகளைத்தான் 'மெக்கா' என்பார்கள். 70-களில் வந்த மெக்கா ரோபோக்கள் பெரும்பாலும் சூப்பர் ஹீரோக்கள். வாராவாரம் ஒரு வில்லன் வருவான், அடி வாங்குவான், போவான். 1979-ல் யோஷியுகி டொமினோ இயக்கிய 'மொபைல் சூட் கன்டம்' அதை மாற்றியது. அதில் ரோபோ என்பது பீரங்கி, போர் விமானம் மாதிரி இன்னொரு ராணுவ வண்டி, அவ்வளவுதான். குண்டு தீரும், ரிப்பேர் ஆகும், ஓட்டுகிறவன் அழுவான். டிவியில் அப்போது ரேட்டிங் வராமல் 43 எபிசோடோடு சீக்கிரமே முடித்துவிட்டார்கள். பிறகு மறு ஒளிபரப்பும் பிளாஸ்டிக் பொம்மை கிட்டுகளும் சேர்ந்து அதைத் தூக்கி நிறுத்தியது தனிக் கதை.

அந்தப் பழைய சீரிஸில் நடக்கும் 'ஓராண்டுப் போர்'தான் இந்தப் புதுக் கதைக்கும் களம். பூமியின் கூட்டமைப்பு ஒரு பக்கம். விண்வெளிக் காலனியில் இருந்து சுதந்திரம் கேட்டுக் கிளம்பிய ஜியான் இன்னொரு பக்கம். 1979-ல் நாம் கூட்டமைப்பின் கப்பலில் இருந்தோம். கன்டம் நம்ம ஆளு. ஜியானின் ஒற்றைக்கண் 'ஸாக்கு' ரோபோக்கள் கொத்துக் கொத்தாக வெடித்துச் சாகும் அடியாட்கள். இந்த சீரிஸ் நம்மைத் தூக்கி அந்த ஸாக்குவுக்குள் உட்கார வைக்கிறது.

போர் தொடங்கிச் சுமார் 11 மாதம் ஆன ஐரோப்பா. இரியா சோலாரி, ஜியான் படையின் ஒரு குழுவுக்குத் தலைவி. எதிரி பிடித்த தளத்தை மீட்கப் போகிறாள். எல்லாம் சரியாகத்தான் போகிறது, அந்த வெள்ளை உருவம் வரும்வரை. முகத்தில் சிவப்பாக ரெண்டு கண் எரிகிறது. சுட்டாலும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது. 18 மீட்டர் இயந்திரம் இவ்வளவு வேகமாக நகர்ந்தால் எதிரில் இருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று, இத்தனை வருடமாக ஹீரோ பக்கம் உட்கார்ந்து கைதட்டிய யாரும் யோசித்திருக்க மாட்டோம். பேய்ப் படம் மாதிரியே எடுத்திருக்கிறார்கள். ஸாக்குவின் எடை, மண்ணில் கால் புதைவது, உலோகம் உலோகத்தில் உரசும் சத்தம் எல்லாமே மிரட்டல்.

இதை முழுக்க 'அன்ரியல் இன்ஜின் 5'-ல் செய்திருக்கிறார்கள். ஃபோர்ட்நைட் ஓடுவதும் இதே இன்ஜினில்தான். அதனால் ரோபோக்கள் தங்கம். ஆனால் மனிதர்கள்? அங்கதான் சிக்கல். தோல் பளபளப்பாக இருக்கிறது, கண்ணில் உயிர் இல்லை. கூடவே சண்டை போட்டவர்கள் செத்துக் கிடக்கிறார்கள், இரியாவின் முகம் கேம் நடுவே வரும் கட்-சீன் பொம்மை மாதிரி லேசாகச் சுருங்குகிறது. கையால் வரைந்த அனிமேவில் ரெண்டே கோட்டில் கொண்டுவரும் வலியை இத்தனை லட்சம் பிக்சல் சேர்ந்தும் கொண்டுவர முடியவில்லை. வசனங்களும் 'நாம் பிழைக்க வேண்டும்' ரகம்தான்.

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. ஜியான்காரர்கள் யார்? ஒரு விண்வெளிக் காலனியையே பிடுங்கி பூமி மேல் போட்டவர்கள். காலனிகளுக்குள் விஷ வாயு விட்டவர்கள். போரின் ஆரம்பத்திலேயே மனித இனத்தில் பாதி செத்துப்போனது என்று 1979 சீரிஸ் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள். அந்தப் படையின் வீராங்கனைக்காக நாம் கண் கலங்க வேண்டும் என்றால், அவர்கள் செய்தது என்ன என்று ஒரு வார்த்தையாவது அழுத்தமாகப் பேச வேண்டாமா? நான் பார்த்தவரை அதைத் தொட்டும் தொடாமல் நகர்கிறார்கள். இரியா போருக்கு முன்னால் வயலின் வாசித்தவள் என்பது மட்டும் அந்தக் கேள்விக்குப் பதிலாகாது. சிப்பாயின் பயம் நிஜம்தான். அவள் போட்டிருக்கும் யூனிஃபார்மும் நிஜம்தானே?

இதைவிட நன்றாகச் செய்ய முடியுமா என்றால், 1989-லேயே செய்துவிட்டார்கள். 'வார் இன் த பாக்கெட்'. அதுவும் 6 எபிசோடுதான். நடுநிலைக் காலனியில் வாழும் ஒரு சின்னப் பையன், அவனோடு நட்பாகும் இளம் ஜியான் சிப்பாய். பையனுக்குப் போர் என்றால் விளையாட்டு. அதில் கன்டம் வருவதே கொஞ்ச நேரம்தான். ஆனால் எதிரிப் படைக்காரன் ஒருவன் உங்களுக்குப் பிடித்துப்போவான், நீங்களே எதிர்பார்க்காமல். டிஷ்யூ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ புதுசைப் பார்க்கலாமா, வேண்டாமா? கன்டம் பக்கமே போகாத ஆளா நீங்க? தாராளமா இதிலேயே ஆரம்பிக்கலாம், முன்கதை தெரியாமலே புரியும். பழைய ரசிகர் என்றால், நமக்குப் பழக்கமான அந்த வெள்ளை ரோபோவைப் பார்த்துப் பயப்படும் அனுபவத்துக்காகவே முதல் எபிசோடைப் போட்டுவிடுங்கள். ஒரே ஒரு கண்டிஷன்: பாதிக்கும் மேல் இருட்டுக் காட்சிகள். மத்தியான வெயிலில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும். ராத்திரி, லைட்டை அணைத்துவிட்டு, பிரைட்னஸ் முழுசாக வைத்து, ஹெட்போனோடு பாருங்கள். நான் மூன்றாவது எபிசோடுக்குப் போறேன்.