தேய்வைத் தடுக்கும் மேற்பூச்சு



விருதுநகர் மாவட்டம் என்றதும் சிவகாசிப் பட்டாசுதான் பலருக்கு நினைவு வரும். அதே மாவட்டத்து இராஜபாளையத்தில் 1936ஆம் ஆண்டு முதலே நூற்பாலைத் தொழில் நடந்து வருகிறது. அவ்வூர்ப் பக்கம் ஓர் ஆலையில் பணிபுரியும் என் பழைய மாணவர், சென்ற மாதம் என் உள்ளங்கையில் சின்னஞ்சிறு கம்பி வளைவொன்றை வைத்தார். அதன் பெயர் டிராவலர். உட்புறம் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. "ஐயா, இது இப்படித் தேய்ந்தால் நூல் அடிக்கடி அறும், அறுந்ததை இணைக்க இரவெல்லாம் நடக்க வேண்டும்" என்றார்.

அது ஏன் தேய்கிறது? நூல் சுற்றும் கதிரைச் சூழ ஓர் எஃகு வளையம் உண்டு. நூல் இழுக்க, அவ்வளையத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு டிராவலர் ஓடுகிறது. அதன் ஒவ்வொரு சுற்றும் நூலுக்கு ஒரு முறுக்கு. வளையத்தின் விட்டம் 38 மில்லிமீட்டர், நிமிடத்திற்கு 18,000 சுற்று எனக் கொண்டு கணக்கிடுங்கள். மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகம்! எண்ணெய் இட்டால் நூல் கறைபடும். நசுங்கிய பஞ்சிழைத் துணுக்குகளே மெல்லிய படலமாகி ஓரளவு வழுக்கல் தருகின்றன.

ஆகவே வளையத்திற்கு மேற்பூச்சு தேவையாகிறது. முழு வளையத்தையும் மிகக் கடினமான பொருளால் செய்தாலென்ன? மிகக் கடினமானது எளிதில் நொறுங்கும். மெல்லிரும்பின்மேல் கடினப் பூச்சிட்டாலோ? நம் கரிசல் மண்ணில் நேரே சிமெண்டுத் தளம் போடுவது போலாகும். அடிமண் அசையத் தளம் வெடிக்கும். அதனாலன்றோ கொத்தனார் முதலில் சரளை இட்டு இறுக்குகிறார்! அவ்வாறே, முதலில் எஃகைக் காய்ச்சித் தோய்த்து உரமேற்றுகிறார்கள். பின்னர் அதைத் தூய்மை செய்து, தாளின் கனத்திலும் குறைந்த குரோமிய முலாம் பூசுகிறார்கள். அடிப்படை தாங்குகிறது, மேற்படை உராய்வை எதிர்க்கிறது. இரண்டும் பிரியாதிருக்க இடையே அழுக்கு இருத்தலாகாது.

உலோகம் வெட்டும் கருவிகளிலும் இதே நெறிதான். அவற்றில் டைட்டேனியச் சேர்மப் படை உராய்வைத் தாங்கும். அதன்மேல் அலுமினிய ஆக்சைடுப் படை வெப்பத்தைத் தடுக்கும்.

டிராவலருக்கும் நிக்கல் போன்ற பூச்சு உண்டு. எனினும் அதை வளையத்தைவிடச் சற்று மென்மையாகவே செய்கிறார்கள். விலை குறைந்தது தேய்ந்து, விலை உயர்ந்த வளையத்தைக் காக்கட்டும் என்பதே கருத்து. வளையம் பல ஆண்டு உழைக்கும்; டிராவலரையோ குறித்த காலத்தில் மாற்றிவிட வேண்டும்.

பூச்சு தேய்வைத் தாமதிக்குமேயன்றி ஒழிக்காது. சில காசுக் கம்பியை மாற்றாது மிச்சம் பிடித்தால், அச்செலவைத் தம் கால்களால் செலுத்துபவர் இரவுப் பணியாளரே. பொறியியல் பயிலப்போகும் நீங்கள் இதனை மறவாதீர்கள்.