இரண்டு சாளரம், ஒரே பெயர்: ஓர் இரவில் கற்ற பாடம்

நள்ளிரவு தாண்டிவிட்டது. மறுநாள் காலை வகுப்பில் எங்கள் குழுவின் படைப்பு. அப்போது என் திட்டப்பணித் தோழியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: “உன் வரைபடமும் என் வரைபடமும் ஏன் ஒத்துப்போகவில்லை?”

ஒரே தரவு, ஒரே நிரல். ஆனால் விடைகள் வேறு!

பல்கலைக்கழகத்தில் நான் புள்ளியியல் படிக்கிறேன். வீவக மறுவிற்பனை வீடுகளின் விலை ஆண்டுதோறும் எப்படி மாறியது என்பதே எங்கள் திட்டப்பணி. இதற்கு ‘ஆர்’ என்ற நிரல்மொழியை ‘ஈமேக்ஸ்’ என்ற உரைத் தொகுப்பிக்குள் இயக்குகிறேன். நிரலை ஒரு சாளரத்தில் எழுதி, வேண்டிய வரியை மட்டும் பக்கத்துச் சாளரத்தில் ஓடும் ‘ஆர்’ அமர்வுக்கு அனுப்பலாம். விடை உடனே வந்துவிடும்.

ஒரே நேரத்தில் பல அமர்வுகளையும் திறக்கலாம். ஒன்றில் நீண்ட கணக்கு ஓடும்போது இன்னொன்றில் புதிய யோசனையைச் சோதிக்கலாம். ஒவ்வோர் அமர்வுக்கும் நினைவகம் தனி. ஒன்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாது.

அன்று இரண்டு அமர்வுகள் திறந்திருந்தன. முதலாவதில் எல்லா வீடுகளின் தரவும் இருந்தது. இரண்டாவதில், சோதனைக்காக நான்கறை வீடுகளை மட்டும் பிரித்து வைத்திருந்தேன். இரண்டிலும் அட்டவணைக்கு நான் வைத்த பெயர் ‘வீடுகள்’. வரைபடத்துக்காகப் புதிய கோப்பு ஒன்றைத் தொடங்கியபோது, எந்த அமர்வுக்கு அனுப்புவது என்று ஈமேக்ஸ் கேட்டது. தூக்கக் கலக்கத்தில் படிக்காமலேயே ‘என்டர்’ தட்டினேன். அந்தக் கோப்பு இரண்டாம் அமர்வோடு ஒட்டிக்கொண்டது.

அந்த அமர்வில் அப்படியொரு பெயரே இல்லாதிருந்தால் பிழைச் செய்தி வந்திருக்கும். பெயர் இருந்ததால் வரைபடம் அழகாகவே வந்தது. ‘அனைத்து வகை வீடுகள்’ என்று தலைப்பும் போட்டுவிட்டேன். தோழி மட்டும் கேட்காதிருந்தால், தவறான முடிவை வகுப்பின் முன் நம்பிக்கையோடு சொல்லியிருப்பேன்.

இப்போது சில பழக்கங்களை விடாமல் கடைப்பிடிக்கிறேன்:

• அமர்வுச் சாளரத்துக்கு ‘முதன்மை’, ‘சோதனை’ என்று பெயர் மாற்றிவிடுவேன். சோதனைத் தரவுக்கும் தனிப் பெயர்தான்.

• வரியை அனுப்பும் முன், கோப்பு எந்த அமர்வோடு இணைந்திருக்கிறது என்பதைச் சாளரத்தின் அடிப்பட்டையில் பார்ப்பேன். மாற்ற வேண்டுமானால் கண்ட்ரோல்-சி, பிறகு கண்ட்ரோல்-எஸ் அழுத்தினால் போதும்.

• ஒப்படைக்கும் முன் எல்லா அமர்வுகளையும் மூடிவிட்டு, புதிய அமர்வில் நிரலை முதல் வரியிலிருந்து ஓட்டுவேன். அதே விடை வந்தால்தான் நம்புவேன்.

நீங்கள் வேறு மொழியோ வேறு தொகுப்பியோ பயன்படுத்தலாம். ஆனாலும் பல சாளரங்கள் திறந்திருந்தால் இதே குழப்பம் காத்திருக்கிறது.

அன்றிரவு வரைபடத்தைத் திருத்தி முடிக்க மணி மூன்றாகிவிட்டது. மறுநாள் தோழிக்கு நான்தான் கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.