டீக்கடையில் தொடங்கும் சுற்றுலா

2022-இல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி சட்டையில் கைகூப்பி நின்ற ‘தம்பி’ குதிரையை ஊர் முழுக்கப் பார்த்தோம். நேப்பியர் பாலத்துக்கே சதுரங்கக் கட்டம் போட்டார்கள். வெளிநாட்டு விருந்தாளி என்றால் நமக்கு உபசாரம் தானாக வந்துவிடும். ஆவடி ரயில் நிலையத்தில் ஒரு வெள்ளைக்காரர் வழி கேட்கட்டும். நாலு பேர் கூடி, தெரியாத வழியைக்கூடச் சொல்லி அனுப்புவார்கள்.

அதே நடைமேடையில் முதுகுப்பையோடு ஒரு பீகார் பையன் கேட்டால்?

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரு டீக்கடை ஓரமாக நின்றிருந்தேன். என்னிடம் “ஸ்ட்ராங்கா, லைட்டா சார்?” என்று கேட்ட மாஸ்டர், பக்கத்தில் நின்ற இளைஞனைப் பார்த்து “ஏய், க்யா?” என்றார். அவன் நீட்டியதோ ஐந்நூறு ரூபாய்த் தாள். “சில்லறை இல்லாம ஏன்டா வர்றீங்க?” என்று கல்லாவில் இருந்தவர் எரிந்து விழுந்தார். பையன் நல்ல தமிழில் கேட்டான்: “அண்ணா, ஜிபே பண்ணவா?”

இதற்கும் சுற்றுலாவுக்கும் என்ன சம்பந்தம்? கொரோனாவுக்கு முந்தைய 2019-இல் தமிழ்நாட்டில் பதிவான வெளிநாட்டுப் பயணிகள் ஏறக்குறைய 68 லட்சம். உள்நாட்டுப் பயணிகள் 49 கோடிக்கு மேல். அந்தக் கணக்கில் நம்மூர்க்காரர்களும் அடக்கம்தான். இருந்தாலும், விடுதிக்கும் வேனுக்கும் காசு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது புரியும்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இது கண்கூடு. திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர், திருக்கச்சி நம்பிகளின் பூந்தமல்லி, திவ்ய தேசமான திருநின்றவூர் எல்லாம் ஒரே நாளில் சுற்றிவிடக்கூடிய தூரம். ஆந்திரா, கர்நாடகா பதிவெண்ணோடு வேன்கள் வருகின்றன. திருநின்றவூர்த் தாயாருக்குப் பெயரே ‘என்னைப் பெற்ற தாயார்’. வந்தவர்களை வெளியே வரவேற்பதோ, “யோவ், வண்டிய எடுய்யா!”

ரோடும் கழிப்பறையும் சரியானால் போதும், மரியாதையெல்லாம் அப்புறம் என்பவர்களும் உண்டு. மெட்ரோ வேலைக்கு நடுவே பூந்தமல்லி சாலையில் ஊர்ந்தவர்கள் அப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால், சிங்கப்பூர் மரியாதையை அப்புறம் என்று தள்ளிவைக்கவில்லை. அங்கே பயணிகளிடம் பணிவாக நடக்கச் சொல்லித்தான் பிரசாரம் முதலில் கிளம்பியது. 1979-இல் அதையே தேசிய இயக்கமாக்கி, உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள்ளும் பணிவாக இருக்கச் சொன்னார்கள். 1982-இல் ‘சிங்கா’ என்ற சிங்கம் சின்னமாக வந்தது. கொஞ்சம் பள்ளிக்கூட வாத்தியார் வாடை அடிக்கும் முயற்சிதான். ஆனாலும் எது முதலில் வர வேண்டும் என்பது பிடிபட்டது: பக்கத்து ஆளிடம் பழகாத பணிவு, பயணியிடம் மட்டும் நாடகமாகத்தான் வரும்.

நம் எஸ்டேட் பகுதியில் ரீசார்ஜ் கடைக்காரருக்கு இந்தி எண்கள் தண்ணீர் பட்ட பாடு. வியாபாரத்துக்கு வேண்டியதை யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டுவிட்டோம். “வாங்க தம்பி” என்பதற்குப் புதிதாக ஒன்றும் கற்க வேண்டாம்.

வடக்கே எத்தனையோ வீடுகளில் காசிக்கு அடுத்து ராமேஸ்வரம்தான் ஆசை. எஸ்டேட்டில் லேத் ஓட்டும் பையனின் அப்பா அம்மாவுக்கும் அது இருக்கும். கிளம்பும் முன் அவர்கள் எந்தச் சுற்றுலா விளம்பரத்தையும் புரட்டப்போவதில்லை. மகனுக்குத்தான் போன் போடுவார்கள். ரயில், தங்குமிடமெல்லாம் பிறகு. அங்கே ஆட்கள் எப்படி என்றுதான் முதலில் கேட்பார்கள்.