கிளிக்கு இன்னிக்கு என்ன மெனு?

கே.கே. நகர் சிவன் பார்க் பக்கம், மாடி போர்ஷனில் குடியிருக்கும் பேச்சிலர் நண்பர், "காக்கட்டீல் இருக்கு, வாங்க சார்!" என்றார் போனில். என் காதில் 'காக்டெயில்' என்று விழுந்து தொலைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆசையோடு ஓடினால்... கூண்டுக்குள் கொண்டை வைத்த குட்டிக் கிளி!

கிண்ணம் நிறைய சூரியகாந்தி விதை. ரெண்டு வருஷமாக அதுவேதானாம். "நல்லாத்தான் சாப்பிடுது சார்!"

தினமும் பஜ்ஜி கொடுத்தால் நாமும் நன்றாகத்தான் சாப்பிடுவோம். கிளிக்கு பஜ்ஜி, இந்த விதைதான். கொழுப்பு எக்கச்சக்கம், வைட்டமின் 'ஏ' ரொம்பக் குறைவு. ஈரல் கெடும், மூக்கு, தொண்டையில் நோய் பிடிக்கும். கிளியோ வியாதியை வெளியே காட்டாது. காட்டும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஒழுங்காகத் தீனி போட்டால் காக்கட்டீல் 15 வருஷத்துக்கு மேலும் இருக்கும்.

என்ன கொடுக்கலாம்? துருவிய கேரட், மஞ்சள் பூசணி, முருங்கைக்கீரை. பப்பாளி, கொய்யா கொஞ்சமாக. பழத்தில் சர்க்கரை ஜாஸ்தி. பச்சை மிளகாய்கூட ஓகே. பறவைக்குக் காரம் உறைக்காது. (ஆந்திரா மெஸ்ஸில் நம்மைத் தோற்கடித்துவிடும்!)

கூடாதவை: அவகாடோ பழம் (உயிருக்கே உலை), சாக்லேட், காபி, வெங்காயம், உப்பு போட்ட சிப்ஸ். ஆப்பிள் என்றால் விதையை எடுத்துவிட்டுத் தாருங்கள். எதையும் நன்றாகக் கழுவுங்கள். சென்னை வெயிலில் நறுக்கிய பழம் சீக்கிரம் கெட்டுவிடும். மிச்சத்தை ரெண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

முக்கியம்: விதையை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். புதுத் தீனியைத் தொடாமல் பட்டினியில் செத்தே போகலாம். காலைப் பசியில் முதலில் காய், அப்புறம் விதை. எதிரே உட்கார்ந்து நீங்களும் கேரட்டைக் கடித்துக் காட்டுங்கள்.

"துணைக்கு ஒரு பச்சைக்கிளி வாங்கட்டுமா சார்?"

"ஐயோ!" என்றேன். நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வைப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பக்கத்து வளசரவாக்கத்தில், 2023-ல் ஒரு நடிகர் வீட்டிலிருந்து ரெண்டு கிளிகளை வனத்துறை எடுத்துப் போனது. அபராதம் இரண்டரை லட்சம்!

பத்து நாள் கழித்து நண்பர் போன். "சார்! கேரட்டைக் கொத்திடுச்சு!" பிள்ளை ப்ளஸ் டூ பாஸான மாதிரி குரல்.

"சந்தோஷம். நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"...பஜ்ஜி சார்."