திருமணப் பூவேலையில் வினைச்சொற்கள்: கோத்தல், கட்டுதல், தைத்தல், மடித்தல்

ஆய்வுச் சுருக்கம்

திருமணத்திற்கு வேண்டிய மாலை, பூச்சடை, தோரணம் ஆகியவற்றை வீட்டாரும் உறவினரும் கூடித் தம் கைகளாலேயே செய்துகொள்வது தமிழ் ஊர்களில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். இவ்வேலையின் நுட்பம் பெரும்பாலும் வாய்மொழியாகவும் கைவழியாகவும் கற்கப்பட்டது. அந்நுட்பத்தின் சுவடுகள் கோத்தல், கட்டுதல், தொடுத்தல், தைத்தல், மடித்தல் முதலிய வினைச்சொற்களில் இன்றும் எஞ்சியுள்ளன. அகநானூறு, மணிமேகலை, பெரியபுராணம் ஆகிய நூல்களில் காணப்படும் செய்திகளை இன்றைய வீட்டுவழக்கோடு ஒப்புநோக்கி, ஒவ்வொரு வினைச்சொல்லும் ஒரு தனித்த கைமுறையைக் குறிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அவ்வேலையைச் செய்தோர் யார், அதன் பயனைத் துய்க்க உரிமை பெற்றோர் யார் என்னும் வினாவையும் எழுப்புகிறது.

திறவுச்சொற்கள்: திருமணம், பூத்தொடுத்தல், மாலை வகைகள், குருத்தோலைத் தோரணம், பெண்கள் உழைப்பு, வினைச்சொல்.

முன்னுரை

தமிழர் வாழ்வில் மலர் பெறும் இடம் குறித்து ஆய்வுகள் பல வந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை மலரின் பெயர், திணை, குறியீட்டுப் பொருள் ஆகியவற்றை ஆராய்கின்றன. பறித்த மலர் அணியாக மாறுவதற்கு இடையே நிகழும் கைவேலை அவ்வளவாகக் கருதப்படவில்லை. மலரைச் சூடியவர் யார் என்று கேட்ட அளவிற்கு, அதனைக் கட்டியவர் யார், எவ்வாறு கட்டினார் என்று நாம் கேட்கவில்லை.

2023ஆம் ஆண்டில் கட்டுரையாளரின் தங்கை திருமணம் தஞ்சை வட்டாரச் சிற்றூர் ஒன்றில் நடைபெற்றது. மேடை அலங்காரம் வெளியாரிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பினும், தலைக்குச் சூடும் பூவும் பூச்சடையும் வாயிற் தோரணமும் வீட்டிலேயே செய்யப்பட்டன. அவ்விரவில் உற்றுநோக்கியவையும் கேட்டறிந்தவையும் இக்கட்டுரையின் வழக்குச் சான்றுகளாக அமைகின்றன.

இலக்கியச் சான்றுகள்

சங்க இலக்கியத்துள் திருமண நிகழ்வை விரித்துரைக்கும் பாடல்களாக அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள் அறியப்படுகின்றன. நல்லாவூர் கிழார் பாடிய 86ஆம் பாடலில் கால்கள் நிரைத்த பந்தரும், பரப்பிய புதுமணலும், விளக்கும், தொங்கவிட்ட மாலைகளும் இடம்பெறுகின்றன. விற்றூற்று மூதெயினனார் பாடிய 136ஆம் பாடலில், வாகையின் கவட்டிலையும் அறுகின் கிழங்கில் முளைத்த முகையும் வெண்ணூலில் சேர்த்து மணமகளுக்குச் சூட்டப்படுகின்றன. இங்குக் கருதத்தக்கது பொருளின் எளிமை. வாகையிலையும் அறுகும் ஊர்ப்புறத்தில் கிடைப்பவை. அவற்றை மங்கலப் பொருளாக்குவது நூலும் அதனைக் கையாளும் கையுமே.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை மாலை தொடுக்கும் செயலிலிருந்தே கதையை நகர்த்துகிறது. தந்தைக்கு நேர்ந்ததைக் கேட்டு மணிமேகலை வடித்த கண்ணீர் அவள் தொடுத்துக்கொண்டிருந்த மாலையில் விழுகிறது. மாலையின் தூய்மை கெட்டதனால் புதுமலர் கொணருமாறு மாதவி அவளைப் பணிக்க, அவள் உவவனம் செல்கிறாள். தொடுப்பவரின் உடலும் உள்ளமும் மாலையில் படிந்துவிடும் என்னும் கருத்து இந்நிகழ்ச்சிக்கு அடிப்படையாக உள்ளது.

கைமுறை குறித்த மிகத் தெளிவான சான்று பெரியபுராணத்தில் கிடைக்கிறது. திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் கோட்டுப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ ஆகியவற்றைக் கொய்து, தனியிடத்தில் அமர்ந்து மாலை செய்வதைச் சேக்கிழார் விவரிக்கிறார். கோத்துச் செய்வது கோவை. சுருக்கிச் செய்வது இண்டை. தண்டிற் கட்டுவது கண்ணி. தாளிற் பிணைப்பது பிணையல் என, ஆக்கப்பட்ட பொருளையும் ஆக்கிய செயலையும் அவர் இணைத்தே கூறுகிறார். கோ என்னும் வினையிலிருந்து கோவையும், பிணை என்பதிலிருந்து பிணையலும், தொடு என்பதிலிருந்து தொடையலும் பிறக்கின்றன. ஆகவே இப்பெயர்களை ஒருபொருட் பன்மொழியாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பெயரைக் கேட்ட அளவில் செய்முறை விளங்குமாறு அமைந்த தொழிற்சொற்கள் அவை. செய்யுளுறுப்பான தொடையும், சிற்றிலக்கிய வகைகளான கோவையும் மாலையும் இத்தொழிற்சொற்களையே தமக்குப் பெயராகக் கொண்டிருப்பது, புலமை மரபு இக்கைவேலையை நன்கு அறிந்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

முருக நாயனாரின் மாலைகள் இறைவனுக்கு உரியவை. மணமக்களுக்கு உரியவை அல்ல. எனினும் கோயில் மாலைக்கும் மணமாலைக்கும் கைமுறை பொதுவாதலின் இச்சான்று இங்குப் பொருந்தும்.

இன்றைய வழக்கில் கைமுறைகள்

கட்டுதலும் தொடுத்தலும்: மல்லிகை, முல்லை, கனகாம்பரம் ஆகியவை கட்டப்படுகின்றன. நாரை இடக்கை விரல்களில் பிடித்து, இரண்டு அரும்புகளை ஒருபுறம் நோக்கியும் வேறு இரண்டினை எதிர்ப்புறம் நோக்கியும் காம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வைக்கின்றனர். பின்னர் நாரை ஒருமுறை சுற்றி, விரலில் வளையமாக்கி, அவ்வளையத்தைக் காம்புகளின்மேல் மாட்டி இழுக்கின்றனர். இழுப்பு மிகின் காம்பு அறும். குறையின் பூ உதிரும். வாழைநாரை நீரில் நனைத்துக் கிழித்துப் பயன்படுத்துவதன் காரணம் இதுவே. நனைந்த நார் மென்மையாகப் பற்றும். நைலான் இழையோ மென்காம்பை எளிதில் அறுத்துவிடும். கட்டுதல், தொடுத்தல் என்னும் இரு சொற்களும் இன்று வட்டாரத்திற்கு ஏற்ப ஒன்றற்கு ஒன்றாக வழங்குகின்றன. எனினும் கட்டுதல் முடிச்சையும் தொடுத்தல் அம்முடிச்சுகளின் தொடர்ச்சியையும் சுட்டுகின்றன எனக் கொள்ள இடமுண்டு.

கோத்தல்: சம்பங்கி, அரளி, சாமந்தி ஆகியவை ஊசியும் நூலும் கொண்டு கோக்கப்படுகின்றன. குழல் வடிவான சம்பங்கியின் உள்ளே நூல் எளிதிற் செல்லும். மணமாலையில் ரோஜா இதழ்களை மடித்துக் கோப்பதும் உண்டு. கட்டுதலில் பூவைப் பூவோடு இறுக்குவது முடிச்சு. கோத்தலில் பூக்கள் நூலின்மேல் நிற்கின்றன. கோத்த மாலை கனமாகத் தொங்குவதற்கும், கட்டிய சரம் தலையில் வளைந்து பொருந்துவதற்கும் இவ்வேறுபாடே காரணம்.

தைத்தல்: மணமகளின் பூச்சடை தைக்கப்படுவது. பின்னலின் நீளத்திற்கு ஏற்ப வாழைப்பட்டையை நறுக்கி, அதன்மீது மல்லிகை அரும்புகளை வரிசையாக அடுக்கி ஊசியால் தைத்து, இடையிடையே வேறு நிறப் பூக்களை வைக்கின்றனர். பட்டையின் ஈரம் அரும்புகள் விரைவில் வாடாமல் காக்கிறது. தாழை மடலை வைத்துத் தைப்பதும் பழைய வழக்கமாகும்.

மடித்தல்: தோரணம் தென்னங்குருத்தோலையால் ஆவது. குருத்தின் ஓலைகளைப் பிரித்து, கிளி, குருவி முதலிய வடிவங்களாக மடித்து, கயிற்றில் மாட்டுகின்றனர். யாழ்ப்பாணத் தமிழரிடையே மங்கலத் தோரணமும் அமங்கலத் தோரணமும் மடிப்பு முறையாலேயே வேறுபடுத்தப்படுகின்றன. அங்கே ஒரு மடிப்பின் பிழை அழகுக் குறையோடு நில்லாது, பொருட்பிழையாகவே ஆகிவிடும். இலக்கணம் அறிந்த கையே தோரணம் கட்டத் தகுதி பெறுகிறது.

காலமும் கற்றலும்

இவ்வேலைக்குப் பூவே கால எல்லையை வகுக்கிறது. மல்லிகை அரும்பு மாலைப்பொழுதில் விரியத் தொடங்கும். விரிந்த பூவைக் கட்டினால் இதழ் கசங்கும். ஆதலின் விரியுமுன் கட்டி முடித்தல் வேண்டும். திருமண முகூர்த்தம் பெரும்பாலும் காலையில் அமைவதால், முதல்நாளே கட்டி, ஈரத்துணியிலோ வாழையிலையிலோ சுற்றி வைக்கின்றனர். ஒருவர் கையால் முடியாத அளவு வேலையைச் சில மணி நேரத்திற்குள் முடிக்க வேண்டியிருப்பதே உறவினரையும் அண்டை வீட்டாரையும் திண்ணையில் ஒன்றுகூட்டியது.

அக்கூட்டமே இத்தொழிலின் பள்ளியாகவும் இருந்தது. சிறுமியர் முதலில் அரும்புகளைத் தரம் பிரிப்பர். அடுத்து இரண்டிரண்டாகச் சேர்த்துக் கொடுப்பர். பின்னரே நாரைக் கையில் எடுப்பர். கட்டிய சரத்தை முழங்கையால் முழம் போட்டு அளப்பர். அளவுகோலும் கையே என்பது இங்கு நோக்கத்தக்கது. கட்டுரையாளர் முடிச்சு முறையை விளக்கிச் சொல்லுமாறு தம் தந்தைவழிப் பாட்டியைக் கேட்டபோது, அவரால் சொல்லால் விளக்க இயலவில்லை. தம் வாயைப் பார்க்காமல் கையைப் பார்க்குமாறு கூறி, அதே முடிச்சை மெதுவாக மூன்று முறை போட்டுக் காட்டினார். சொல்லாக மாறாத அறிவு இது. அதற்குக் கிடைத்த சொல்வடிவம் கட்டு, தொடு, கோ, தை என்னும் வினைகள் மட்டுமே.

கட்டிய கையும் சூடிய தலையும்

இவ்வழக்கை முழுமையான கூட்டுறவாகப் புகழ்ந்துவிடுதல் எளிது, அது உண்மையாகாது. முதலாவதாக, பூ எக்காலத்தும் வீட்டுப்பொருளாக மட்டும் இருந்ததில்லை. புகார் நகர வீதிகளில் பூ விற்போர் திரிந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. பூக்கட்டுதலைக் குலத்தொழிலாகக் கொண்ட சமூகத்தாரும் உளர். வீட்டுப் பூவேலையும் விற்பனைப் பூவேலையும் நெடுங்காலமாக அருகருகே வாழ்ந்துள்ளன.

இரண்டாவதாக, இவ்வேலையைச் செய்தோர் அனைவரும் அதன் மங்கலத்தில் பங்கு பெறவில்லை. அகநானூற்று 86ஆம் பாடலிலேயே மணமகளை நீராட்டுவோர் புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் எனத் தகுதி வரையறுக்கப்படுகிறது. பிற்கால வழக்கில் கணவனை இழந்த பெண்கள் பூச்சூடுதலிலிருந்தும் மணவறைச் சடங்குகளிலிருந்தும் விலக்கப்பட்டனர். மேற்குறித்த பாட்டி கணவரை இழந்து இருபது ஆண்டுகள் ஆனவர். திருமணத்திற்கு முதல்நாள் கொல்லைப்புறத்தில் அமர்ந்து முப்பது முழத்திற்கு மேல் பூக்கட்டினார். மணமகளின் சடையையும் அவரே தைத்தார். மறுநாள் தாலி கட்டும் வேளையில் அவர் சமையற்கட்டில் இருந்தார். அழைத்தும் வரவில்லை. அவர் தைத்த சடை மணவறையில் எல்லோரும் காண இருந்தது. அவர் அங்கு இல்லை. கைவேலையை மீட்க வேண்டும் என்று பேசும் ஆய்வு, இவ்விலக்கத்தையும் சேர்த்தே பதிவு செய்தல் வேண்டும்.

ஆவணப்படுத்தலின் தேவை

மதுரை மல்லிக்கு 2013இலும், தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டிற்கு 2020இலும், தோவாளை மாணிக்க மாலைக்கு 2025இலும் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் இவ்வேற்பு ஊரின் பெயரோடும் சந்தைப் பொருளோடும் இணைந்தது. வீட்டுத் திண்ணையில் செய்யப்பட்டு மறுநாள் வாடிவிடும் சரத்திற்கும் சடைக்கும் ஊர்ப்பெயரும் இல்லை, விலையும் இல்லை. எனவே அவை இத்தகைய பதிவுகளுக்குள் வருவதில்லை.

மேடை அலங்காரத்தை ஒட்டுமொத்தமாக வெளியாரிடம் ஒப்படைக்கும் இன்றைய நிலையில், முன்னர் ஆறேழு வினைகளால் குறிக்கப்பட்ட வேலைகள் ‘டெக்கரேஷன்’ என்னும் ஒரு பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. வினை வழக்கொழியும்போது அது குறித்த கைமுறையைத் தேடிச் செல்லும் வழியும் அடைபடுகிறது. அகராதிப் பொருளை மட்டும் கொண்டு கட்டுதலுக்கும் தொடுத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை விரல்களுக்கு மீட்டுத்தர இயலாது. ஆகவே வட்டார வழக்குச் சொற்களைத் தொகுப்போர் பூவேலை வினைகளைக் காணொளிப் பதிவுடன் தொகுத்தல் வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் செய்தவரின் இசைவு பெற்று, அவர் அதனை யாரிடம் கற்றார், யாருக்காகச் செய்தார், தாம் அதனைச் சூடினாரா என்பனவும் குறிக்கப்படுதல் நன்று.

முடிவுரை

திருமணப் பூவேலையின் வினைச்சொற்கள் ஒவ்வொன்றும் தனித்த கைமுறையைக் குறிப்பன என்பதும், சேக்கிழார் காலத்திலேயே செயலும் பொருளும் இணைத்து வகைப்படுத்தப்பட்டன என்பதும், அவ்வகைப்பாட்டின் எச்சம் இன்றைய வீட்டுவழக்கில் நிலவுகிறது என்பதும் இக்கட்டுரையால் பெறப்படுகின்றன. அவ்வறிவைத் தாங்கிநின்றோருள் பலர் மங்கலத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்பதும் உடன் பெறப்படுகிறது. மாலை வாடுவது இயல்பு. மறுநாள் புதிய மாலை கட்டக் கை இருக்கும்வரை அதனால் இழப்பில்லை. அக்கைகள் முதுமை எய்திக்கொண்டிருக்கும் இக்காலமே அவற்றைப் பதிவு செய்வதற்கு எஞ்சியுள்ள காலமாகும்.